பூஸ்டரால் யாருக்கு நஷ்டம்?

“அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே கரிசலும் சீமைக்கருவேலமும்தான். என் மாடியில் சிக்னல் பூஸ்டர் வைத்தால் யாருக்கு நஷ்டம்? விதியெல்லாம் சென்னைக்கு” என்கிறார் நண்பர். சிக்னல் கிடைக்காத கோபம் நியாயம். மற்றது முழுத் தவறு.

நகரத்தில் கோபுரங்கள் நெருக்கம். ஒன்று திணறினால் அடுத்தது தாங்கும். இங்கே ஒரே கோபுரத்தை நம்பிப் பல ஊர்கள். பூஸ்டர் உங்கள் பேச்சோடு இரைச்சலையும் பெருக்கி அங்கே அனுப்புகிறது. வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் பக்கத்தில் இருந்தால், ஸ்பீக்கருக்கு எதிரே போன மைக் ஊளையிடுமே, அதே கதைதான்; நம் காதில் விழாது, அவ்வளவே. அப்போது முதலில் துண்டிக்கப்படுவது கோபுர வீச்சின் எல்லையிலுள்ள போன்கள். மும்முனை மின்சாரம் வந்ததும் மொபைல் ஸ்டார்ட்டருக்கு அழைத்துக் கிணற்று மோட்டாரைப் போடும் சம்சாரியின் போன் அது. 108-ஐ அழைப்பவரின் போனும்தான்.

உரிமமின்றி வானலைக் கருவி வைத்திருக்கக் கூடாது என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு, ஆற்றல் வரம்போடு, விலக்கு உண்டு. செல்போன் அலைவரிசைக்கு இல்லை.

என் கோபம் விற்பவர்கள் மேல். விதிமீறி வாக்கி-டாக்கி விற்ற இணையக் கடைகளுக்கு 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பூஸ்டர் விற்பவர்களையும் அப்படிப் பிடிக்க வேண்டும். நண்பரே, ஊரே கையெழுத்துப் போட்டு நிறுவனத்திடம் கோபுரம் கேளுங்கள், நானும் போடுகிறேன். பூஸ்டரை இன்றே கழற்றிவிடுங்கள்.