ரசூலன் பீவி: நினைவைக் காத்த மூதாட்டி



போர்க்களத்தில் உயிர் நீத்த வீரரின் பெயரை நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கின்றனர். அவர் விட்டுச் சென்ற வீட்டில் அடுப்பெரித்தவள் யார், தந்தையற்ற மக்களை ஆளாக்கியவள் யார் என்பதை எந்தப் பாடமும் சொல்வதில்லை. அத்தகைய ஒரு மாதரசியைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விழைகிறேன்.

அவர் பெயர் ரசூலன் பீவி. பரம்வீர் சக்கர விருது பெற்ற அப்துல் ஹமீது அவர்களின் வாழ்க்கைத் துணைவியார். உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தில், துல்லஹ்பூரில் உள்ள தம் இல்லத்தில், 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்று முதிர்ந்த வயதில் இறையடி சேர்ந்தார். கணவரை இழந்து ஏறத்தாழ ஐம்பத்து நான்கு ஆண்டுகள் அவர் வாழ்ந்திருக்கிறார் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

அவர் வாழ்க்கைப்பட்டது எளிய குடும்பம். மாமனார் உஸ்மான் தையல் தொழில் செய்தவர். 1933ஆம் ஆண்டு தாமுப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்த அப்துல் ஹமீதும் தொடக்கத்தில் தந்தையோடு அமர்ந்து துணி தைத்தவரே. 1954 டிசம்பரில் வாரணாசியில் படையில் சேர்ந்து, கிரெனேடியர்ஸ் படைப்பிரிவின் நான்காம் பட்டாளத்தில் இடம் பெற்றார். ஆக்ரா, அமிர்தசரஸ், காஷ்மீர், தில்லி, வடகிழக்கு எல்லை என்று அவர் பணி அலைந்தது. 1962ஆம் ஆண்டு சீனப் போரிலும் அவருடைய பட்டாளம் களத்தில் நின்றது. இத்தம்பதியருக்கு ஆண்மக்கள் நால்வர், பெண் ஒருத்தி.

சபர் போன கணவரின் கடிதத்திற்காகத் தபால்காரர் வரும் வழியைப் பார்த்திருப்பது நம் ஊர்ப் பெண்களுக்குப் புதிதன்று. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆண்களை அனுப்பிவிட்டுக் குடும்பத்தைக் கட்டிக் காத்த பாட்டிமார் நம்மிடையே பலர். ஆனால் படைவீரரின் மனைவிக்கு அந்தப் பிரிவோடு மற்றொரு சுமையும் உண்டு. போர் என்ற செய்தி வானொலியில் வந்துவிட்டால், வாசலில் கேட்கும் ஒவ்வொரு காலடி ஓசையும் அவளுக்கு அச்சந்தரும்.

1965 செப்டம்பரில் அச்செய்தி வந்தது. பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், அசல் உத்தர் என்னும் இடத்தில், பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் அணிவகுத்து வந்தன. ஜீப்பின் மீது பொருத்திய பீரங்கியோடு அப்துல் ஹமீது அவற்றை எதிர்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பல டாங்கிகளைத் தகர்த்தார். செப்டம்பர் 10ஆம் நாள் களத்திலேயே ஷஹீதானார். அவருக்கு வயது முப்பத்திரண்டு. அவருடைய கபுரும் அங்கேதான் இருக்கிறது. தாமுப்பூரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

ஒரு வாரம் கடக்குமுன்னரே பரம்வீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. இதுவரை அவ்விருதைப் பெற்றோர் இருபத்தொருவர். அவர்களுள் முஸ்லிம் இவர் ஒருவரே. 1966 ஜனவரி 26 குடியரசு நாள் விழாவில், குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் கையிலிருந்து அதனைப் பெற்றுக்கொண்டவர் ரசூலன் பீவி.

அந்த நாளை நம் வீட்டுக் கணக்கில் வைத்துப் பாருங்கள், சகோதரிகளே! கணவர் இறந்த பெண்ணுக்கு இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். செப்டம்பர் 10லிருந்து பிறைக் கணக்கில் எண்ணினால், அது 1966 ஜனவரி நடுவில், ரமளானின் கடைசிப் பத்தில் நிறைவடைகிறது. அடுத்த சில நாளில், வீட்டுத் தலைவர் இல்லாத முதல் பெருநாள். அது கழிந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் தில்லியின் அணிவகுப்பு மைதானம்! துயரத்தின் ஈரம் காயாத நிலையில், ஒரு சிற்றூர்ப் பெண் நாடே பார்த்திருக்க நடந்து சென்று அப்பதக்கத்தை ஏற்றார். களத்தில் வேண்டிய துணிவு ஒரு வகை எனில், அந்த நடைக்கு வேண்டிய துணிவு மற்றொரு வகை.

விழா முடிந்தது. மேளதாளம் ஓய்ந்தது. அதன்பின்னர்தான் அவருடைய நீண்ட கடமை தொடங்கியது. மேடைகளில் முழங்கும் நாமெல்லாரும் அப்துல் ஹமீதின் பெயரைச் சமுதாயத்தின் நாட்டுப்பற்றுக்கு அத்தாட்சியாக எடுத்துக் காட்டுவதுண்டு. அந்த வீட்டின் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், அந்த அம்மையார் எப்படியிருக்கிறார் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? கரவொலி எழுப்பியதோடு நம் கடன் தீர்ந்ததாகக் கருதிவிட்டோம்.

அவர் அப்படி இருந்துவிடவில்லை. 2008ஆம் ஆண்டில், பேரப்பிள்ளைகளைக் கண்ட பாட்டியாக, லக்னோவில் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீலைச் சந்தித்துச் சில கோரிக்கைகளை முன்வைத்தார். கணவர் மறைந்த நாள் தேசிய அளவில் நினைவுகூரப்பட வேண்டும். துல்லஹ்பூர் வீடு நினைவில்லமாக வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு அரசுப் பணி கிடைக்க உதவ வேண்டும். தம் ஊரில் படைக்கு ஆளெடுக்கும் நிலையம் ஒன்று அமைய வேண்டும்.

இறுதிக் கோரிக்கையை மீண்டும் ஒருமுறை படியுங்கள். எந்தப் படை தம் கணவரைத் திரும்ப அனுப்பவில்லையோ, அந்தப் படையின் வாசல் தம் ஊர் இளைஞர்களுக்குத் திறக்க வேண்டும் என்று கேட்டார். பேரப்பிள்ளைகளுக்கு வேலை கேட்டதைக் குறையாகக் கொள்வோரும் இருக்கலாம். தையற்காரர் வீட்டில் ஐந்து பிள்ளைகளோடு விதவையான ஒருவர், நாட்டிடம் கேட்பதற்கு உரிமையுடையவர் என்றே நான் கொள்கிறேன். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதும் தாய்மையின் கடமைதான்.

2011 செப்டம்பர் 10ஆம் நாள், புதுப்பிக்கப்பட்ட அசல் உத்தர் நினைவிடத்தில் கணவருக்கு மலர்வளையம் வைத்தார். 2017ஆம் ஆண்டு அதே நாளில், இராணுவத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தைத் தம் மண்ணுக்கே வரவழைத்தார். காஜிப்பூர் மாவட்டத்தில் அப்துல் ஹமீதின் நினைவிடத்தைத் தளபதி திறந்து வைத்தார். அந்தத் தளபதியும் 2021 டிசம்பரில் நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூருக்கு அருகே நிகழ்ந்த ஹெலிகாப்டர் விபத்தில் உயிர் துறந்தது நீங்கள் அறிந்ததே.

பாட்டியின் உழைப்பு வீண்போகவில்லை என்பதற்கு ஒரு சான்று. 2025 பிப்ரவரியில், தாமுப்பூர்ப் பள்ளிக்கு வண்ணம் பூசியபோது வாயிலில் இருந்த அப்துல் ஹமீதின் பெயர் காணாமற்போனது. பேரப்பிள்ளை முறையிட்டார், பலரும் குரல் கொடுத்தனர், பெயர் மீண்டும் எழுதப்பட்டது. ரசூலன் பீவி அப்போது உயிரோடில்லை. அவர் விட்டுச் சென்ற பழக்கம் உயிரோடிருந்தது. சுவரில் எழுதிய பெயரை ஒரு வாளிச் சுண்ணாம்பு மறைத்துவிடும். பேரர் நெஞ்சில் பாட்டி எழுதியதை அவ்வளவு எளிதில் அழிக்க இயலாது.

ஆதலின் சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு நன்னியோ உம்மம்மாவோ இருக்கக்கூடும். கணவர் படையில் இருந்தவராகலாம், கப்பலில் சென்றவராகலாம், மலாயாவிலோ பர்மாவிலோ மறைந்தவராகலாம். அவர் அருகில் அமர்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு பயணப்பட்டார், கடைசிக் கடிதம் எப்போது வந்தது, குழந்தைகளின் பள்ளிச் சம்பளத்திற்கு எந்த நகையை விற்றார் என்பனவற்றைப் பேரப்பிள்ளைகள் கையாலேயே ஒரு குறிப்பேட்டில் எழுத வையுங்கள். பழைய கடிதங்களையும் சான்றிதழ்களையும் கரையான் அரிக்குமுன் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அவர் ஓய்வூதியத்திற்காகவோ உதவித்தொகைக்காகவோ அலுவலகம் செல்ல வேண்டியிருந்தால், வீட்டு இளைஞர் ஒருவர் உடன் செல்லட்டும்.

அப்துல் ஹமீது நாட்டிற்காக ஒரு நாளில் உயிரைத் தந்தார். ரசூலன் பீவி தம் வாழ்நாளைச் சிறுகச் சிறுகத் தந்தார். இருவருடைய நற்செயல்களையும் எல்லாம் வல்ல அல்லாஹ் ஏற்றருள்வானாக! ஆமீன்.