திணையிழந்த தலைமை மாந்தர்: கணினி விளையாட்டுகளும் மும்பைத் தமிழரும்

கணினி விளையாட்டின் தலைமை மாந்தர் எவராயினும் ஆடுவோனே உண்மைத் தலைவன். ஆதலின் அம்மாந்தரின் இனம், மொழி, பால் பற்றிய வினா வீணானது என்பர் ஒரு சாரார். இதற்கு அகமரபையும் துணைக்கு அழைக்க இயலும். அகத்திணையில் தலைவன் தலைவியர் பெயர் சுட்டப்படுவதில்லை. அதனாலேயே அவர்தம் உணர்வு அனைவர்க்கும் பொதுவாகிறது. எனினும் இவ்வாதம் பாதி உண்மையே. அகத்தலைவிக்குப் பெயரில்லை, ஆயின் நிலமுண்டு, பொழுதுண்டு, கருப்பொருளுண்டு. பெயரைத் துறந்த அம்மரபு திணையைத் துறக்கவில்லை.

கணினி விளையாட்டுகள் பலவற்றில் நிகழ்வது இதன் மறுதலையாகும். 2018இல் வெளிவந்த ‘ஹிட்மேன் 2’ விளையாட்டின் ஒரு பகுதி மும்பையில் நிகழ்கிறது. தலைமை மாந்தன் 47 என்னும் எண்ணால் அழைக்கப்பெறும் வெள்ளையினக் கூலிக்கொலைஞன். அவன் குடிசைப் பகுதிக்குள் நுழைந்து, தையற்காரராகவும் முடிதிருத்துபவராகவும் உடை மாற்றிக் கொல்லப்பட வேண்டியோரை அணுகுகிறான். மும்பை அவனுக்குத் திணையன்று, திரைச்சீலை. உழைக்கும் மக்கள் அவனுக்கு மாந்தரல்லர், மாறுவேடங்கள். தாராவியின் தையற்கூடத்திலோ தோல் பட்டறையிலோ உழைத்த தமிழரின் மகன், வாஷியிலோ செம்பூரிலோ அமர்ந்து இதனை ஆடுங்கால் தன் நகருக்குள்ளேயே அயலானாகிறான். ஆடுவோன் எவனாயினும் ஒன்றே என்னும் கூற்று இங்கு உடைந்துபோகிறது.

இந்தியர் ஒருவரைத் தலைமை மாந்தராக்கினால் குறை தீரும் என்பர் மற்றொரு சாரார். இதுவும் பொருந்தாது. 1991இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டில் ஆடுவோர் தேர்ந்துகொள்ளத்தக்க வீரருள் தால்சிம் என்னும் இந்தியரும் ஒருவர். மண்டையோட்டு மாலை, தீ உமிழும் வாய், நீளும் கைகால்கள் என்பனவே அவர்தம் அடையாளங்கள். இந்தியருக்கு இடம் கிடைத்தது. இந்தியர் பற்றிய அச்சுவார்ப்பு அகலவில்லை.

அயலவரை மட்டும் குறைகூறுதல் நடுநிலையாகாது. தமிழ்த்திரை மும்பைத் தமிழரைத் தலைமை மாந்தராக்கியபோது ‘நாயகன்’ (1987), ‘காலா’ (2018) ஆகிய இரண்டிலும் அவர் தாதாவாகவே வடிக்கப்பெற்றார். பின்னது நிலவுரிமையை முன்னிறுத்திய சிறப்புடையதெனினும் வார்ப்பு ஒன்றே. மாட்டுங்காவின் அலுவலக எழுத்தர், விடியலில் இட்லி சுமந்து நகரெங்கும் விற்கும் தாராவி வணிகர், 1992இல் இரயில் பாதை கழியைக் கடந்து வாஷியை எட்டியபின் அங்குக் குடியேறிய குடும்பத்தினர் ஆகியோர் எப்படைப்பின் தலைமை மாந்தர்?

இவ்விடத்து, கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ நோக்கத்தக்கது. 1980களில் கனடாவிற்குப் புலம்பெயர்ந்த தமிழ்ப்பெண் வெண்பாவே அதன் தலைவி. சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டை மீட்டு இட்லியும் புட்டும் ஆக்குவதே ஆடுவோர்க்கான செயல். 2024இல் இது பாஃப்டா அமைப்பின் முதற்படைப்பு விருதைப் பெற்றது. தாயை அடுக்களையில் நிறுத்துவதும் வார்ப்பன்றோ என வினவலாம். வினா நேரியதே. ஆயின் இவ்விளையாட்டில் தமிழ்க் குறிப்பைப் படிக்கத் தடுமாறும் மகனின் நிலையில் ஆடுவோரும் நிற்க நேர்கிறது. மொழியிழப்பு இங்குப் பேசப்படவில்லை, கைகளால் உணரப்படுகிறது. அடுக்களை பின்னணியாகாமல் திணையாகிறது. எனினும் ஒரு வெண்பா பன்மையாகிவிடாது. இனி வரும் தமிழ்த் தலைவியர் அனைவரும் அடுப்பருகே நிறுத்தப்படின் இதுவும் வார்ப்பாகவே இறுகும்.

காப்பியத் தலைவன் தன்னிகரில்லாதவனாதல் வேண்டும் எனப் பின்வந்த தண்டியலங்காரம் விதித்தது. அவ்விதிக்கு முன்பே வணிகக் குடிப்பெண்ணைத் தலைவியாக்கியது சிலப்பதிகாரம். அதனைக் குடிமக்கள் காப்பியம் எனக் கண்டுணர்த்திய தமிழாய்வு, இன்றைய இளையோர் நாள்தோறும் ஆடும் பனுவல்களைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்குவது முரணாகும். தலைமை மாந்தரின் நிறத்தை எண்ணுவதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. அவருக்கு நிலமுண்டா, தொழிலுண்டா, அத்தொழில் ஆடுவோரின் செயலாகிறதா என்பனவே வினவத்தக்கவை. இம்மூன்றும் முதல், கரு, உரி எனத் தமிழ் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வினாக்களின் வழிவந்தவையே. இவற்றைத் தமிழ்த்துறைகள் கேளாதொழியின், மும்பைத் தமிழர் பிறர் அணிந்து கழற்றும் உடையாகவே எஞ்சுவர்.