அராவப்பட்ட பாதம்

பழம்பொருள் ஏலப் பட்டியல்கள் தூண்டில் ரீல்களை விவரிக்கும் விதத்தில் மாறாத ஒரு பழக்கம் உண்டு. முதலில் தயாரித்த நிறுவனத்தின் பெயர், உருளையின் விட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவை வரும். அதன்பின் குறைகள்: மேற்பூச்சு தேய்ந்துள்ளது, திருகாணியின் தலை சிதைந்துள்ளது, பாதம் அராவப்பட்டுள்ளது. ஒவ்வொரு குறைக்கும் விலை ஒருபடி இறங்கும். அந்தக் குறைப் பட்டியல்தான் பொருளின் வரலாறு என்பது என் வாதம். தொழில்நுட்ப வரலாறு எழுதும் நாமும் ஏலக்காரரின் கண்ணையே கடன் வாங்கி வைத்திருக்கிறோம் என்பது என் புகார்.

இறகாலும் நூலாலும் கட்டிய செயற்கை ஈயை வீசி மீன்பிடிக்கும் முறை தமிழ்நாட்டுக்கு அந்நியமானதன்று. நீலகிரியில் டிரவுட் மீனை வளர்க்க 1860களில் பிரான்சிஸ் டே செய்த முயற்சி தோற்றது. எச்.சி. வில்சனின் முயற்சியால் 1907ஐ ஒட்டி அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. சென்னை மாகாண ஆட்சிப்பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் அதற்கு முன்பே, 1873இல், இந்தியத் தூண்டில் கலை பற்றித் தனிநூல் வெளியிட்டிருந்தார். கொண்டுவந்தவர், எழுதியவர், மீனின் இனம் ஆகிய மூன்றும் பதிவாகியுள்ளன. அந்த ஈர மலையில் கருவிகளைப் பழுதின்றி வைத்திருந்த கைகள் யாருடையவை என்ற கேள்விக்கு மட்டும் நம் ஆய்வேடுகளில் இடமில்லை.

அந்தக் கைகளுக்கு வேலை மிகுதியாகவே இருந்திருக்கும். நைலான் வருவதற்கு முந்தைய தூண்டிற்கயிறு பட்டாலானது. ஆளிவிதை எண்ணெய் ஊட்டப்பட்டது. ஈரத்தோடு ரீலில் சுற்றிவைத்தால் இற்றுவிடும். ஆகவே ஒவ்வொரு நாளும் முழுக் கயிற்றையும் அவிழ்த்துக் காயவைத்து, மறுநாள் மிதப்பதற்காக மெழுகுப்பசை தடவிச் சுற்ற வேண்டும். உல்லாசத்துக்குச் செலவான மணிகளைச் சுற்றுலாக் குறிப்புகள் சொல்லும். கயிறு காயவைத்த மணிகளைச் சொல்வதில்லை.

ரீலின் உள்ளமைப்பு எளியது. இங்கிலாந்தின் ஆல்னிக் நகரத்து ஹார்டி நிறுவனம் 1891இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பெர்ஃபெக்ட்' ரீலில் உருளை சுழலக் குண்டு பேரிங்குகள் இருந்தன. ஆனால் அக்காலத்துப் பெரும்பாலான ரீல்களின் உயிர் ஒரு சிறு பற்சக்கரத்திலும், வில்கம்பி அழுத்தத்தில் அதன் பற்களை உரசும் முக்கோண நாக்கிலும் இருந்தது. மீன் கயிற்றை இழுக்கும்போது உருளை கட்டற்றுச் சுழன்று சிக்காகாமல் தடுப்பது அந்த நாக்கு. கேட்பவர்கள் மயங்கும் கிறுகிறு ஓசையும் அதனுடையதே. தேயும் உறுப்பும் அதுவே. பல மாதிரிகளில் ஒருபுறம் தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம். இருபுறமும் தேய்ந்தால் எஃகுத் துண்டொன்றை அராவிப் புதிதாகச் செய்யலாம். திறந்து பார்க்கவும் திருத்தவும் இடம்தரும் பொருள் நூறாண்டு உழைக்கிறது. அதில் வியப்பில்லை.

இன்று அத்தகைய ரீல் ஒன்று கைக்கு வந்தால், நம் வீட்டுப் பித்தளைப் பாத்திர அறிவை மட்டும் தயவுசெய்து அதன்மேல் செலுத்த வேண்டாம். புளி போட்டுத் துலக்கினால் களிம்பு போகும். அதனுடன் தயாரித்தவர் வேண்டுமென்றே ஏற்றிய கருநிறப் பூச்சும் போகும். அது அழுக்கன்று. திருகாணியின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்த வேண்டும். பழைய பிரித்தானியக் கருவிகளின் மரைகள் மெட்ரிக் அளவுக்குள் அடங்குவதில்லை. கையில் கிடைத்த திருகாணியை வலிந்து முறுக்கினால் மரை அழிந்துவிடும். அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய், பற்சக்கரத்துக்குச் சிறிது கிரீஸ், அவ்வளவு போதும். மும்பைக் கடற்காற்றில் இன்னொரு தொல்லை உண்டு. உப்பும் ஈரமும் சேர்ந்தால், அலுமினியம் பித்தளையைத் தொடுமிடத்தில் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். கழிமுகத்தில் பயன்படுத்தியதை அன்றே நன்னீரில் கழுவி உலர்த்தியாக வேண்டும்.

புதிய நாக்கு பொருத்துவதைத் தூய்மைவாதிகள் குற்றமாகக் கருதுவர். எனக்கு உடன்பாடில்லை. தேய்ந்த நாக்கைத் தேதியெழுதி ஓர் உறையில் போட்டு உடன்வைத்துவிட்டுக் கருவியைப் பயன்படுத்துவதே நேர்மையான பாதுகாப்பு. அராவப்பட்ட பாதத்தையும் இப்படியே பார்க்கிறேன். ரீலின் பாதம் தூண்டிற்கோலின் பிடியில் பொருந்தாதபோது அதன் விளிம்பை அராவி மெலிதாக்குவார்கள். சேகரிப்பவருக்கு அது சேதம். எனக்கோ, அந்த ரீல் ஒரு கோலிலிருந்து இன்னொரு கோலுக்கு மாறியதற்கும், யாரோ ஒருவர் அரம் பிடித்து அதை மாற்றியதற்கும் எஞ்சிய ஒரே எழுத்துச் சான்று.

நான் இதைச் சீத்தா கேம்பிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஜோக்கின் அற்புதம் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பின்னும் மக்கள் இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டனர். சுவருக்கு அப்பால் நாட்டின் மிகப் புதிய அறிவியல். இப்பால் பழைய இரும்பைத் தரம்பிரிப்பவர்களும், மின்விசிறி மோட்டாருக்குக் கம்பி சுற்றுபவர்களும், லேத்தில் அச்சுக் கடைபவர்களும். ஆய்வுமொழி இவர்கள் அனைவரையும் 'முறைசாராத் தொழிலாளர்' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடுகிறது. நூற்றாண்டு பழைய ரீலின் நாக்கை மாதிரி பார்த்து அராவித் தரக்கூடிய கை இந்தச் சந்துகளில் இருக்கிறது. அதே வேலையை அருங்காட்சியகத்தில் செய்பவருக்குப் 'பாதுகாப்பு வல்லுநர்' என்று பெயர்.

தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பிலிருந்து பயன்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் திருப்ப வேண்டுமென்று டேவிட் எட்கர்ட்டன் 2006இல் நூலாகவே எழுதினார். நாம் அதை மேற்கோள் பகுதியில் குறிப்பிடுகிறோம். களப்பணியில் அரம் பிடித்தவரிடம் போய் அமர்வதில்லை. நீலகிரி மீன்வளம் பற்றியோ காலனிய விளையாட்டு பற்றியோ ஆய்வு தொடங்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் கல்லூரி அலமாரியிலோ, எஸ்டேட் பங்களா ஒன்றிலோ பழைய ரீல் கண்ணில் பட்டால், துடைப்பதற்கு முன் அதன் பாதத்தையும் திருகாணித் தலைகளையும் நெருக்கத்தில் படமெடுங்கள். பிறகு அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரிடம் எடுத்துச் சென்று திறக்கச் சொல்லி, அவர் என்ன பார்க்கிறார் என்பதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வேட்டில் அவர் விரும்பினால் அவர் பெயரையும் போடுங்கள்.