மாண்டபின் மருந்துச் சீட்டா?

2021 மே 26. பிரித்தானிய நாடாளுமன்றக் குழுக்களின்முன் ஏறத்தாழ ஏழு மணிநேரம் ஒருவர் பேசினார். தலைமையமைச்சர் போரிசு சான்சன் அப்பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்றார். கொரோனா நோயில் மாளவேண்டாத பல்லாயிரவர் மாண்டனர் என்றார். சொன்னவர் எதிர்க்கட்சியினர் அல்லர். 2020 நவம்பர்வரை அதே சான்சனுக்குத் தலைமை அறிவுரைஞராய் வீற்றிருந்த தொமினிக்கு கம்மிங்சு!

அவர் சொன்னவை பொய் என்று நாம் கூறவில்லை. தாமும் தவறியதாக அவர் வருந்தியதையும் மறைக்கவில்லை. உள்ளே இடித்துரைத்தேன் என்கிறார், இருக்கட்டும். கேளாத தலைவனின்கீழ்ப் பின்னும் ஏன் இருந்தார்? ஊரடங்கின்போது தாம் தர்காமுக்குச் சென்ற செயலுக்கு நயங்கூற, 2020 மே 25இல் தலைமையமைச்சர் இல்லத் தோட்டத்திலேயே செய்தியாளரைக் கூட்டிப் பேசினாரே! தம்மைக் காக்க அன்று எழுந்த நா, மக்களைக் காக்க அன்றே மன்றேறி எழாதது ஏன்?

வள்ளுவப் பேராசான் அமைச்சுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். ஆள்வோன் அறியாமையில் உழன்றாலும் நல்லதை எடுத்துரைப்பதே அருகிருப்போன் கடன் என்பது அவர் கண்ட நெறி. அவை நீங்கியபின் உரைப்பது அறிவுரையன்று. பிணத்தின் தலைமாட்டில் படிக்கும் மருந்துச் சீட்டு!

ஆட்சியை அண்டி நிற்கும் அறிஞர்களே! நாற்காலியில் இருக்கும்போதே வாய் திறவுங்கள். கேளாராயின், அன்றே அதனை உதறிவிட்டு மக்கள்முன் வாருங்கள். காலங்கடந்த உண்மை வரலாற்றுக்கு உதவும், மாண்டவர்க்கு உதவாது!