துணிச்சலின் வரவு செலவுக் கணக்கு

சென்னை காட்டுப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே, நூம்பலில், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி 2017இல் அரவிந்த் கண் மருத்துவமனை வந்தது. இதன் தாய் மருத்துவமனையை டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 58. தன்னம்பிக்கைக் கூட்டங்களில் பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். "வயதெல்லாம் ஒரு தடையா? துணிந்து இறங்குங்கள்!" என்பார்கள், கைதட்டலும் விழும். இறங்குவதற்கு முந்தைய 58 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். அர்த்தமுள்ள வாழ்க்கைக்கான துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பதில் அங்கேதான் கிடக்கிறது.

எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் அவர். மகப்பேறு மருத்துவராக விரும்பினார். ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது தாக்கிய முடக்குவாதம் விரல்களை வளைத்துவிட்டது. ராணுவத்தை விட்டு வந்து கண் மருத்துவம் படித்தார். வளைந்த விரல்களுக்கிடையே கத்தியைப் பிடித்து அறுவை செய்யப் பழகிக்கொண்டார். தந்தை இறந்தபின் தம்பி தங்கைகளின் படிப்பும் கல்யாணமும் மூத்தவரான இவர் தலையில் விழுந்தன. இவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர். அந்தப் பதவியில் இருந்தபடியே கிராமம் கிராமமாகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். ஆக, 1976இல் அவர் கையில் இருந்தது வெறும் மனத்துணிவு மட்டுமல்ல. முகாம்களில் கற்ற வேலைமுறையும் மாதாமாதம் வரும் பென்ஷனும் இருந்தன, தான் படிக்கவைத்து ஆளாக்கிய உடன்பிறந்தவர்களும் இருந்தார்கள். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். வீடு அடமானத்துக்குப் போனது, குடும்பத்து நகைகளும் போயின. ஒருவர் பெயரில் சொல்லப்படும் இந்தத் துணிச்சலுக்கு ஜாமீன் நின்றது ஒரு குடும்பம்.

துணிச்சல் பிறவிக் குணம் என்ற எண்ணத்தைத்தான் நான் மறுக்கிறேன். கடமைகளைக் குறைத்து, கையைப் பழக்கி, துணை சேர்த்துவைத்தவருக்கே அது பெரும்பாலும் வாய்க்கிறது. காட்டுப்பாக்கத்தில் மெட்ரோ தூண்களைப் பார்த்தபடி அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு, மணப்பாக்கம் ஐடி வளாகத்துக்கு வேலைக்குப் போகும் தம்பதியை எடுத்துக்கொள்வோம். இருவர் சம்பளத்தை நம்பி இருபது வருட வீட்டுக்கடன், அதன்மேல் கார் கடன், பள்ளிக் கட்டணம். இவர்களில் ஒருவர் கிராமப் பள்ளியில் பாடம் நடத்த ஆசைப்பட்டால், "உனக்குத் தைரியம் இல்லை" என்று குத்திக்காட்டி என்ன பயன்? இஎம்ஐ தேதி எல்லாத் தைரியத்தையும் தின்றுவிடும். முதலீடு என்ற பெயரில் இரண்டாவது ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டாமல் நிற்பதுதான் அவர்கள் எடுக்க வேண்டிய முதல் துணிச்சலான முடிவு. வேலையை விடுவதைவிட அது கஷ்டம் என்றே நினைக்கிறேன். சொந்தக்காரர்கள் சும்மா விட மாட்டார்கள்.

இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் இப்படியா கணக்குப் பார்த்தார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மானாவாரி விவசாயிக்குத் தங்கள் ஆராய்ச்சி உதவவில்லை என்று கண்டு, 1969இல், முப்பதை ஒட்டிய வயதில், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை உதறினார். ஆனால் அவரும் வெறுங்கையோடு தெருவுக்கு வரவில்லை. களக்காட்டில் 'அமைதித் தீவு' என்ற தொண்டு நிறுவனம் இருந்தது, விவசாயிகளோடு நின்று வேலை செய்ய அங்கே இடம் கிடைத்தது. இன்னொரு வாதம் இதைவிடக் கூர்மையானது: தயார் செய்கிறேன் என்பது காலமெல்லாம் தள்ளிப்போடுகிறவரின் சாக்கு. பலர் விஷயத்தில் அது உண்மையும்கூட. வெங்கடசாமியிடம் வித்தியாசம் என்னவென்றால், தன் காரியத்தை அவர் ஓய்வுக்குப் பிறகு ஆரம்பிக்கவில்லை. சம்பளம் வாங்கிய காலத்திலேயே முகாம்களில் அதைச் செய்துகொண்டிருந்தார். 'ரிடயர் ஆனதும் பார்த்துக்கலாம்' என்கிறவர் இந்த ஞாயிற்றுக்கிழமை அதில் என்ன செய்கிறார் என்று பார்த்தாலே சாக்கு எது, தயாரிப்பு எது என்று தெரிந்துவிடும்.

ஒரு ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை. இந்தக் கணக்கே வசதி உள்ளவர்களின் கணக்கு. வெங்கடசாமிக்கு இருந்த பென்ஷன், 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கே இல்லாமல் போய், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டின் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் பெண்ணுக்கும் அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பதே நிச்சயமில்லை. பிஎஃப் பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்தார்கள். இன்றைய விலைவாசியில் அது ஒரு சிலிண்டருக்கும் கொஞ்சம் பாலுக்கும் காணும். அந்தத் தொகையை அப்படியே வைத்துக்கொண்டு, எஸ்டேட் வாசலில் மேடை போட்டு லட்சிய வாழ்க்கை பற்றிப் பேச யாருக்கும் வாய் வரக் கூடாது.