விழுப்புண்ணும் முழங்காலும்

சென்ற ஆண்டு கல்லூரி விளையாட்டு விழாவுக்கு வரவேற்புரை எழுதும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. தமிழ்த்துறைக்காரர்களுக்கு இத்தகைய வேலைகள் தாமாகவே வந்து சேரும். வழக்கம்போல் புறப்பாடல்களைப் புரட்டினோம். வெண்ணிப் போரில் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதன் கிடைத்தான். படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர் ஆண்ட ‘விழுப்புண்’ என்னும் சொல் கிடைத்தது. காயத்தோடு ஆடித் தன் அணியை வெல்லவைத்த கபடி வீராங்கனை ஒருத்தியை அச்சொல்லால் அலங்கரித்தோம். கைதட்டல் எழுந்தது.

அந்த மாணவி இன்று மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு இறங்குகிறாள். இக்கட்டுரையை அந்தக் கைதட்டலுக்கு நாம் செய்யும் கழுவாய் என்றே கொள்ளலாம்.

நடந்தது இவ்வளவுதான். மண்டலப் போட்டி, அரையிறுதி. பாடிப் போனவள் பிடிக்க வந்த கைக்கு மேலாகத் துள்ளி ஒற்றைக் காலில் இறங்கினாள். முழங்கால் உள்நோக்கி மடிந்தது. ‘டப்’ என்று ஓர் ஓசை தனக்கே கேட்டதாகப் பின்னர் சொன்னாள். வலி நீக்கும் ஸ்பிரே அடித்தார்கள். கிரேப் பேண்டேஜைச் சுற்றினார்கள். இரண்டாம் பாதியில் மீண்டும் இறக்கினார்கள். அணி வென்றது. மாலைக்குள் முழங்கால் பனங்காய் போல் வீங்கிவிட, மறுநாள் ஊரில் புத்தூர் கட்டுப் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், ஊர்வழக்கில் ஜவ்வு என்கிறோமே, அந்த ஏ.சி.எல். முழுவதும் அறுந்திருந்தது, மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. அறுந்த காலோடு ஆடியது இரண்டாவது சேதத்தைக் கூட்டியிருக்கலாம் என்றார் மருத்துவர்.

இதில் கொடியவர் என்று எவரும் இல்லை. உடற்கல்வி இயக்குநர் நல்ல மனிதர். தம் பணத்தில் பிள்ளைகளுக்கு முட்டையும் வாழைப்பழமும் வாங்கித் தருபவர். அந்தப் பெண்ணோ கொத்தனாரின் மகள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வீடே நிற்கிறது. வலிக்கிறது என்று சொன்னால் அணியில் இடம் போகும். இடம் போனால் சான்றிதழ் போகும். ஆகவே அவள் சொல்லவில்லை. “முடியுமாம்மா?” என்று கேட்டபோது “முடியும் சார்” என்றாள். பதினெட்டு வயதில் வேறு என்ன சொல்வாள்? அக்கேள்வியை அவளிடம் கேட்டிருக்கவே கூடாது என்பதுதான் நம் வழக்கு.

விழுப்புண் போர்க்களத்துச் சொல். அங்கே எதிரில் பகைவன் இருக்கிறான். அவன் வேலை நாம் தடுக்க இயலாது. மைதானத்தில் பகைவன் எங்கே இருக்கிறான்? பிள்ளையின் முழங்காலை அறுத்தது போதாத பயிற்சியும், பெரியவர்களின் அறியாமையும். அதை ‘வீரத்தின் அடையாளம்’ என்று நாம் பாடும்போது, கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் பார்வையாளர்களாகித் தாமும் கைதட்டுகிறார்கள். தமிழ் படித்த நாம் இதற்கு உடந்தை. திரைப்படக்காரர்களை மட்டும் குறைசொல்வதில் பொருளில்லை. 2009இல் வந்த ‘வெண்ணிலா கபடி குழு’வில் நாயகன் களத்திலேயே உயிர்விடுகிறான், அரங்கம் அழுதது, நாமும் அழுதோம். 2022 ஜூலையில் கடலூர் மாவட்டத்தில் ஓர் இளைஞர் கபடிக் களத்தில் மெய்யாகவே சரிந்து இறந்தார். அந்தக் காட்சி செல்பேசிகளில் சுற்றியபோது, நமக்கு வந்த செய்திகளில் பெரும்பாலானவை நடுகல்லின் மொழியிலேயே இருந்தன. மைதான ஓரத்தில் நின்ற பலருள் நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும் முதலுதவி எத்தனை பேருக்குத் தெரியும் என்று அவற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் கால்பந்து ஆடும் பதினேழு வயது மாணவி ஒருவர், முழங்கால் ஜவ்வுக் காயத்துக்கு அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் போடப்பட்ட கட்டின் இறுக்கத்தால் இரத்த ஓட்டம் நின்று, காலை அகற்ற நேர்ந்து, சில நாட்களில் இறந்தும் போனார். மருத்துவமனையில் நடந்ததைப் பற்றி நாடே கேட்டது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த முழங்கால் அறுவை மேசைக்கு வந்தது ஒரு மைதானத்திலிருந்து. பெண்பிள்ளைகளின் முழங்கால்கள் ஏன் இப்படி அடிக்கடி அறுகின்றன என்று நாம் படித்த கட்டுரை எதுவும் கேட்கவில்லை.

விடை மறைபொருள் அன்று. துள்ளி இறங்கும்போதும், ஓடிய வேகத்தில் சட்டென்று திரும்பும்போதும் முழங்கால் உள்நோக்கிச் சரிந்தால் ஏ.சி.எல். அறுகிறது. எவரும் மோதாமலேயே அறுகிறது. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு என்பது நெடுநாள் அறிந்த செய்தி. எப்படி இறங்குவது, எப்படித் திரும்புவது என்பதைத் தசைக்குக் கற்பிக்கலாம் என்பதும் அறிந்ததே. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட கால்பந்துச் சிறுமிகளை வைத்து நடத்திய ஆய்வு 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம்: மெல்லோட்டம், தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டல், ஒற்றைக் காலில் நிலைநிற்றல், குதித்து முழங்கால் நேராக இறங்கப் பழகுதல். கருவி எதுவும் வேண்டாம், ஒரு பந்து போதும். இப்பயிற்சியைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ‘ஃபிஃபா 11+’ என்ற பெயரில் உலகுக்கே இலவசமாகக் கிடைக்கும் பயிற்சி இது.

நம் மைதானத்தில் என்ன நடக்கிறது? மூன்று சுற்று ஓட்டம், குனிந்து கால்விரலைத் தொடுதல், உடனே ஆட்டம். தாமதமாக வந்த பிள்ளைக்கு இன்னும் இரண்டு சுற்றுத் தண்டனை. ஓட்டத்தையே தண்டனையாக்கியதுதான் நம் உடற்கல்வியின் சாதனை என்று ஒரு நண்பர் சொல்வார்.

“அந்தக் காலத்தில் கட்டாந்தரையில் ஆடினோம், எங்களுக்கு என்ன ஆயிற்று?” என்று ஆசிரியர் ஓய்வறையில் ஒரு குரல் எப்போதும் எழும். ஆயிற்று, ஐயா. ஆனவர்கள் இந்த ஓய்வறையில் இல்லை. அவர்கள் ஆட்டத்தை விட்டு, சிலர் படிப்பையும் விட்டு, ஊரில் நொண்டிக்கொண்டிருக்கிறார்கள். பிழைத்தவர்களின் நினைவை மட்டும் கொண்டு வரலாறு எழுதக் கூடாது என்பது இலக்கிய மாணவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் 2018 மே 29 அன்று பயிற்சியின் தொடர் ஓட்டங்களில் 19 வயது அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜோர்டன் மெக்நேர் தளர்ந்து விழுந்தார். உடல் வெப்பத்தை உடனே அளக்கவில்லை; குளிர்ந்த நீரில் அமிழ்த்தவும் இல்லை. ஜூன் 13 அன்று இறந்தார். சட்டப்படியும் அறத்தின்படியும் பொறுப்பு தங்களுடையதே என்று பல்கலைக்கழகத் தலைவர் பின்னர் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். பணமும் மருத்துவரும் பயிற்றுநர் பட்டாளமும் உள்ள இடத்திலேயே இந்த நிலை. நம் ஊரிலோ அணிவகுப்பு ஒத்திகை பதினொரு மணி வெயிலில். விழுந்த பிள்ளையைச் சுற்றிக் கூட்டம் கூடும். முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். வலிப்பு வந்துவிட்டால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். உழைப்பால் வரும் வெப்பத்தாக்கில் உடல் வியர்த்துக்கொண்டே இருக்கலாம். பிதற்றலும் தடுமாற்றமும்தான் எச்சரிக்கை. வண்டிக்குக் காத்திராமல் முதலில் கழுத்துவரை பனிக்கட்டி நீரில் அமிழ்த்த வேண்டும். குளிர்வித்த பிறகே மருத்துவமனைக்கு. அரைமணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கிவிட்டால் பெரும்பாலும் பிழைக்கவைக்கலாம். இதற்குத் தேவை ஒரு பிளாஸ்டிக் தொட்டி, மீன் சந்தையில் கிடைக்கும் நான்கு பாளம் ஐஸ். சிறப்பு விருந்தினருக்குப் போர்த்தும் சால்வைகளின் விலைகூட ஆகாது.

தலையில் அடிபட்டால் சட்டம் இன்னும் எளிது. 2009இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் இயற்றியது: மூளையதிர்ச்சி என்ற ஐயம் எழுந்தாலே மாணவனை வெளியே எடுக்க வேண்டும், உரிய மருத்துவப் பயிற்சி பெற்றவர் எழுத்தில் அனுமதிக்காமல் களமிறக்கக் கூடாது. முடிவு பிள்ளையிடமும் இல்லை, தோற்றுக்கொண்டிருக்கும் பயிற்றுநரிடமும் இல்லை. நாம் கேட்பதும் இதைத்தான். காயம்பட்டவளை மீண்டும் இறக்குவதா என்ற கேள்விக்கு, அவளது வெற்றியில் பங்கில்லாத ஒருவர் விடை சொல்லட்டும். அவர் வெளியே உட்காரச் சொன்னதற்காக அவளுடைய இடமும் சான்றிதழும் பறிபோகக் கூடாது. இந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதல் பாதி வெறும் காகிதம். பிள்ளைகள் வலியை மறைத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

வள்ளுவரை நாம் கைவிட்டுவிட்டதாக எவரும் எண்ண வேண்டாம். விழுப்புண் பாடிய அவரே மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பார்ப்பவன். நம் மைதானங்களில் முதலாமவர் மட்டும் குறைவின்றி இருக்கிறார்கள். ஆண்டுதோறும் மேடையில் படைச்செருக்கை முழங்கும் நாம் அந்த நான்காமவரைப் பற்றி ஒரு வரியாவது பேசியதுண்டா? நாம் பேசியதில்லை.

இவ்வாண்டு விழாவுக்கும் வரவேற்புரை கேட்டிருக்கிறார்கள். எழுதித் தருகிறோம் என்று சொல்லி, கூடவே ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறோம். தொட்டி வாங்கியாயிற்றா, ஒத்திகையைக் காலை ஏழு மணிக்கு மாற்றியாயிற்றா, இருபது நிமிடப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கியாயிற்றா, முதலுதவி தெரிந்த ஒருவர் கடைசி ஆட்டம் முடியும்வரை மைதானத்தில் இருப்பாரா என்று நான்கு கேள்விகள். வரவேற்புரை எப்போது தயாராகும் என்று அலுவலகத்திலிருந்து இருமுறை ஆள் வந்து கேட்டாயிற்று. கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.