பென்ஷன் இல்லாத மிலிட்டரிக்காரர்

எங்கள் பெரியப்பாவை ஊரில் யாரும் முழுதாக நம்பவில்லை. குடும்பத்தில் நாங்களும் நம்பவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகாவது இதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவை இந்த மாவட்டத்தில் பார்ப்பது அரிது. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. இங்கே மிலிட்டரிக்காரர் என்றால் ஊர் மனதில் ஒரு கணக்கு உண்டு. மாதம் பிறந்தால் பென்ஷன், கேன்டீன் கார்டு, கூடத்தில் துப்பாக்கியோடு ஒரு போட்டோ, எல்லையில் நின்ற கதை நாலைந்து. பெரியப்பாவிடம் இதில் எதுவும் கிடையாது. கடற்படையில் பத்து வருடம் இருந்துவிட்டு, 1977-ல் ஒரு டிரங்குப் பெட்டியோடு பாலாற்றங்கரைக்குத் திரும்பி வந்தார். கடலையே பார்த்திராத ஊருக்கு அவர் சொன்னது எதுவும் ஒட்டவில்லை. “பென்ஷன் இல்லாத மிலிட்டரியா? பாதியில ஓடி வந்திருப்பாரு” என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கல்யாண வீடுகளில் யாராவது அவர் தோளைத் தொட்டு, “ஒரு பாட்டிலுக்கு ஏற்பாடு பண்ணுங்க மிலிட்டரி” என்பார்கள். “எனக்குக் கேன்டீன் கிடையாதுப்பா” என்பார். கேட்டவர் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார். நாங்கள், அதாவது அவருடைய தம்பிகள், தங்கைகள், எங்கள் தலைமுறைப் பிள்ளைகள், எல்லாரும் அங்கேதான் நின்றுகொண்டிருப்போம். ஒருவர்கூட வாயைத் திறந்ததில்லை.

இத்தனைக்கும் அவர் சம்பளத்தில் எழும்பிய குடும்பம் இது. 1967-ல் பதினெட்டு வயதில் கப்பற்படையில் சேர்ந்தவர், பாட்டி பெயருக்கு மாதந்தவறாமல் மணியார்டர் அனுப்பினார். இரண்டு அத்தைகளின் கல்யாணம் அதில் நடந்தது. என் அப்பா பி.எஸ்ஸி. முடித்தது அதில்தான். மணியார்டர் வந்து சேர்ந்ததா என்று அவர் கேட்டு எழுதுவார். வந்து சேர்ந்தது என்று இங்கிருந்து பதில் போகும். நீ அங்கே என்ன வேலை செய்கிறாய், எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு கடிதம் எங்கள் வீட்டிலிருந்து போனதாக யாருக்கும் நினைவில்லை.

பிள்ளைகள் நாங்கள் கேட்டது உண்டு. ஆனால் என்ன கேட்டோம்? “சண்டையில எத்தனை பேரைச் சுட்டீங்க பெரியப்பா?” அவர் பொய் சொல்லத் தெரியாதவர். “நான் யாரையும் சுடலை. நான் பாய்லர்ல இருந்தேன்” என்றார். அத்தோடு எங்கள் ஆர்வம் வடிந்துவிட்டது. கப்பலில் அடுப்பெரித்தவர் என்று எங்களுக்குள் பேசிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அவர் காதில் விழுந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் கப்பலைப் பற்றித் தானாகப் பேச்செடுத்ததில்லை.

அந்த ‘அடுப்பு’ என்னவென்று அவர் இறந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். அதைச் சொன்னவர் தூத்துக்குடிக்காரர், பெரியப்பாவோடு ஒரே கப்பலில் ஸ்டோக்கராக இருந்தவர். வருடந்தோறும் டிசம்பர் 4-ம் தேதி பெரியப்பா யாருடனோ போனில் நெடுநேரம் பேசுவார். யாரென்று நாங்கள் விசாரித்ததில்லை. போன டிசம்பரில் அந்த அழைப்பை என் தங்கை எடுத்தாள். சாவுச் செய்தியைக் கேட்டுச் சற்று நேரம் பேச்சே வராமல் இருந்தவர், பிறகு நிறுத்தாமல் பேசினார்.

கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்த். இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பல், 1961-ல் பெல்ஃபாஸ்டில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. 1971-ல் கிழக்கே பாகிஸ்தானோடு போர் மூள்வதற்கு முன்பே அதன் பாய்லரில் விரிசல் கண்டுபிடித்தார்கள். அந்தக் கப்பலின் பாய்லர்களில் மேலே நீராவிக்கு ஒரு டிரம், கீழே தண்ணீருக்கு இரண்டு டிரம் இருக்கும். தண்ணீர் டிரம்மில்தான் கோளாறு. போருக்குள் சரிசெய்து முடிக்க வழியில்லை. இந்த நிலையில் கப்பலைப் போருக்கு அனுப்புவதா, துறைமுகத்திலேயே கட்டி வைப்பதா என்று பெரிய விவாதம் நடந்தது. அனுப்புவது என்று கடற்படைத் தளபதி எஸ்.எம். நந்தா முடிவெடுத்தார். நான்கில் ஒரு பாய்லரை விட்டுவிட்டு மற்ற மூன்றைக் கொண்டு ஓட்டினார்கள். இருபத்துநாலு, இருபத்தைந்து நாட் வேகத்துக்குக் கட்டிய கப்பல் அந்த வேகத்தை எட்டவே முடியாமல் போருக்குப் போனது.

வேகம் குறைந்தால் என்ன என்று எங்களுக்குத் தோன்றியது. தூத்துக்குடிப் பெரியவர் பொறுமையாக விளக்கினார். விமானந்தாங்கிக் கப்பலின் தளம் குட்டை. விமானம் அதிலிருந்து எழும்ப வேண்டுமென்றால் கப்பல் காற்றுக்கு முகங்கொடுத்துத் திரும்பி வேகமாக ஓட வேண்டும். வீசும் காற்றும் ஓடும் வேகமும் சேர்ந்து விமானத்தைத் தூக்கிக் கொடுக்கும். டிசம்பரில் வங்காள விரிகுடாவில் காற்று சாதுவாகிவிடும். ஆகவே கப்பலின் வேகத்தில் ஒவ்வொரு ‘நாட்’ கூடுவதற்கும் மதிப்பு. அந்த வேகம் நீராவியிலிருந்து வர வேண்டும். நீராவியைக் கொடுத்தவர்கள் நீர்மட்டத்துக்குக் கீழே, மேலே மூடி இறுக்கிய கதவுகளுக்கு அடியில், நான்கு மணி நேர வாட்சில் நின்றவர்கள். கேஜ் கண்ணாடியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. எண்ணெயைப் பீய்ச்சும் ஸ்பிரேயர்களை ஒன்று கூட்ட வேண்டும், ஒன்று குறைக்க வேண்டும். கூட்டினால் வேகம், ஆனால் எதிரே இருப்பது விரிசல் கண்ட பாய்லரின் கூடப்பிறந்த பாய்லர்.

டிசம்பர் 4-ம் தேதி விக்ராந்திலிருந்து கிளம்பிய ஸீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. பிறகு சிட்டகாங், குல்னா, மோங்லா. கடல்வழி அடைபட்டது. 16-ம் தேதி டாக்காவில் சரணாகதி. அந்த நாட்களில் உங்கள் பெரியப்பா ஒரு விமானம்கூடப் பறந்ததைப் பார்க்கவில்லை என்றார் அவர். தலைக்கு மேலே கேட்டபல்ட் இழுத்துவிடும் சத்தம் கேட்கும், ஒன்று போய்விட்டது என்று தெரியும், அவ்வளவுதான். 9-ம் தேதி அரபிக்கடலில் டையூவுக்கு அப்பால் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியதில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போன செய்தி கப்பலுக்கு வந்தபோது, அடுத்த வாட்சுக்கு ஏணியில் இறங்க ஒவ்வொருவரும் எப்படித் தங்களைத் தயார்ப்படுத்திக்கொண்டார்கள் என்றும் சொன்னார். டார்பிடோ பட்டால் அடித்தளத்தில் இருப்பவனுக்கு மேலே வர நேரம் கிடைக்காது. பெரியப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

கேட்காமலே விட்ட இந்தக் குற்றம் எங்கள் வீட்டோடு நிற்பதில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. டாக்கா சரணாகதியின் அந்தப் புகழ்பெற்ற படத்தை ஒவ்வொரு டிசம்பரிலும் பகிர்கிறோம். கையெழுத்திடும் மேசைக்குப் பின்னால் நிற்கும் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், அந்தப் போரில் கிழக்குக் கடற்படைப் பிரிவின் தளபதி, நாகர்கோவிலில் பிறந்தவர். தளபதியின் பெயரையே தேடித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நாம் இருக்கும்போது, பாய்லர் அறையில் நின்றவனை யார் தேடப் போகிறார்கள்?

ஊருக்குத் திரும்பியவர் ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் பாய்லர் ஓட்டுபவராகச் சேர்ந்தார். மூன்று ஷிப்ட், போக வர பஸ். அந்தச் சம்பளத்தில் இரண்டு பெண்களையும் படிக்க வைத்தார். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி ஆசிரியை. வீட்டு வேலையில் அவர் பங்கு பாதிக்கு மேல் இருக்கும். பெரியம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அடுப்படி அவருடையது. குக்கரை மட்டும் யாரிடமும் விடமாட்டார். சேஃப்டி வால்வையும் கேஸ்கெட்டையும் காலம் தவறாமல் மாற்றுவார், எங்கள் வீடுகளுக்கும் வந்து மாற்றிக் கொடுப்பார். கிழவருக்குப் பயம் என்று நினைத்தோம். அடைபட்ட நீராவி என்ன செய்யும் என்று எங்களுக்குள் தெரிந்த ஒரே மனிதர் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

பென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஓடி வரவில்லை. அவர் சேர்ந்தபோது இருந்த நிபந்தனை பத்து ஆண்டு நேரடிப் பணி, பிறகு பத்து ஆண்டு ரிசர்வ். இரண்டும் சேர்ந்தால் ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. 1976 ஜூலை 3-ல் ரிசர்வுக்கு எடுக்கும் ஏற்பாடு கைவிடப்பட்டது. 1977-ல் பத்து ஆண்டை முடித்தவருக்கு மீதிப் பாதி இல்லாமல் போயிற்று. அவர் செய்த தவறு எதுவுமில்லை. இப்படி வெளியே வந்த மாலுமிகள் பலர் பல வருடம் வழக்கு நடத்தினார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதிக்கு முன் சேர்ந்து, அதற்குப் பின் பணிக்காலம் முடிந்தவர்களுக்கு, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சிறப்பு ஓய்வூதியம் பெறத் தகுதியுண்டு என்று தீர்ப்புச் சொன்னது. தூத்துக்குடி நண்பர் சொல்லி, பெரியப்பா அந்தத் தீர்ப்பின் நகலை வாங்கி வைத்திருந்தார். ஆங்கிலத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டு எங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்தார். எங்களில் பட்டதாரிகள் இருக்கிறார்கள், அரசு அலுவலகத்தில் வேலை செய்பவர் இருக்கிறார், வக்கீலுக்கு உறவானவர்கள் இருக்கிறோம். “இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எவன் குடுப்பான், விடுங்க” என்றார் ஒருவர். “லீவுல பாத்துக்கலாம்” என்றார் இன்னொருவர். வாங்கி வைத்துக்கொண்டு படிக்காமல் விட்டவர்கள் மற்றவர்கள். அவர் மூன்றாம் முறை யாரிடமும் கேட்கமாட்டார். அது அவர் சுபாவம், எங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. பணத்துக்காக மட்டும் அவர் அதைச் சுமந்து வரவில்லை என்பது இப்போது புரிகிறது. டீக்கடைக்கு அவரால் காட்ட முடிந்திருக்கக்கூடிய ஒரே சாட்சி அந்தக் காகிதம்.

விக்ராந்த் 1997-ல் பணியிலிருந்து விலக்கப்பட்டு, பிறகு மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். அண்ணன் ஒருவர் அப்போது தானேயில் வேலையில் இருந்தார், தங்க இடம் இருந்தது, ரயில் இருந்தது. ஒரு தடவை கூட்டிப் போங்கப்பா என்று பெரியப்பா கேட்டார். பரீட்சை முடியட்டும், மழை விடட்டும், வெயில் குறையட்டும் என்று தள்ளினோம். 2012-ல் பாதுகாப்பு இல்லை என்று பார்வையாளர்களை நிறுத்திவிட்டார்கள். 2014 நவம்பரில் தாருகானா களத்தில் கப்பலை உடைக்கத் தொடங்கினார்கள். செய்தியை நாங்கள் அவரிடம் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று தோன்றும் அளவுக்குக்கூட அது எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்த இரும்பைச் சேர்த்துச் செய்த பஜாஜ் வி பைக்கை எங்கள் தெருப் பையன் வாங்கி வந்தான். பெரியப்பா போய் டேங்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “எந்தப் பக்கத்து இரும்புன்னு சொன்னாங்களா?” என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் அது கேட்கத்தக்க கேள்வியாகத் தெரியவில்லை.

இப்போது பெரியம்மா பெயரில் மனுப் போட முயல்கிறோம். வீட்டை இடித்துக் கட்டியபோது டிரங்குப் பெட்டியை மாட்டுக்கொட்டகையில் வைத்தவர்கள் நாங்கள். திறந்தால் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் கரையான் தின்றது போக மீதி எழுத்தும் நனைந்து கரைந்திருந்தது. பணி எண் வேண்டும், எந்தெந்தத் தளம், எந்தெந்தக் கப்பல் என்று வேண்டும் என்றார் வக்கீல். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியம்மா பணி எண்ணைச் சொன்னார். கல்யாணமான 1973-லிருந்து ஒவ்வொரு உறையிலும் பெயர், பதவி, எண், கப்பல், கேர் ஆஃப் ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பம்பாய் என்று எழுதியவர் அவர். விசாகப்பட்டினத்தில் முதல் பயிற்சி, லோனாவலாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் இயந்திரப் பயிற்சி, விக்ராந்த், கடைசியாக டெல்லி என்ற குரூசர் என்று வரிசை தவறாமல் சொன்னார். “இதெல்லாம் உங்களுக்கு எப்படிப் பெரியம்மா தெரியும்?” என்றாள் தங்கை.

“எங்கிட்டதான எல்லாத்தையும் சொல்வாரு. நீங்க யாரு வந்து கேட்டீங்க?”

மனு போயிருக்கிறது. பெரியம்மா பேசுவதை ஞாயிற்றுக்கிழமைகளில் செல்போனில் பதிவுசெய்கிறோம். லோனாவலா மழையிலிருந்து தொடங்கியவர், விரிசல் கண்ட பாய்லரோடு கப்பல் போருக்குப் போன 1971 வரைக்கும் வந்திருக்கிறார்.